கண்ணீரில் குளுக்கோஸ் அளவிடல்

கண்ணீரில் குளுக்கோஸ் உண்டு. இரத்தத்தோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவாக உண்டு. நீரிழிவு உள்ளவர்களின் கண்ணீரில் சர்க்கரை காணப்படுவதை 1937ஆம் ஆண்டிலேயே ருமேனியாவைச் சேர்ந்த மிஹைல், வான்சியா, சோலோக் என்னும் மூவர் பிரெஞ்சு ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். விரல் நுனியைக் குத்தி இரத்தம் எடுப்பதற்குப் பதிலாக, கண்ணில் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும் நீரைக் கொண்டே சர்க்கரையின் அளவை அறிய முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து மருத்துவ உலகில் இருந்துவருகிறது. நொதி பூசிய மின்முனைகள், நிறம் மாறும் படிகங்கள், மின்னணுச் சில்லு பதித்த காண்டாக்ட் லென்ஸ்கள் என எத்தனையோ கருவிகள் இதற்காக உருவாக்கப்பட்டுவிட்டன. கருவிகள் நுட்பமாக ஆக ஆக, சிக்கலின் பெரும்பகுதி கண்ணீரிலேயே இருப்பது தெரிந்துவந்திருக்கிறது. எடுக்கும் விதத்தாலேயே தன் அளவு மாறிவிடும் திரவம் அது.

இந்தத் தேடலுக்கான தேவை உண்மையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று அது மதிப்பிட்டது. இவர்களில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஒரே நாளில் பலமுறை சர்க்கரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் விரல்களில் ஊசித் தழும்பு ஆறுவதற்குள் அடுத்த ஊசி விழுகிறது. வலிக்குப் பயந்தும், பரிசோதனைப் பட்டையின் விலைக்குப் பயந்தும், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விடுபவர்கள் ஏராளம். பார்க்காமல் விட்ட நேரத்தில்தான் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வருகிறது. அல்லது ஓசையில்லாமல் ஏறி, ஆண்டுக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கிறது.

இரத்தத்துக்கு மாற்றாக வேறொரு திரவத்தை நம்புவது புதிய முயற்சியும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோயாளிகள் வீட்டில் சோதித்தது சிறுநீரைத்தான். சோதனைக் குழாயில் சிறுநீரோடு மருந்தைக் கலந்து, நீலம் பச்சையாகிறதா செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தார்கள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது. எனவே சிறுநீர்ச் சோதனை ஏற்றத்தைத் தாமதமாகச் சொன்னது. இறக்கத்தைச் சொல்லவே இல்லை. இரத்தத்திலிருந்து அந்தத் திரவத்துக்குச் சர்க்கரை எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில், எந்த விகிதத்தில் வந்து சேர்கிறது என்பது தெரியாமல் ஒரு மாற்றுத் திரவத்தை நம்ப முடியாது. கண்ணீருக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்.

கண்ணின் மேற்பரப்பில் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. கண்ணை ஒட்டிய பக்கத்தில் சளிப்பொருள், நடுவில் நீர், வெளிப்பக்கத்தில் எண்ணெய் என அது அமைந்திருக்கிறது. எண்ணெயை இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் தருகின்றன. அது நீர் ஆவியாகாமல் காக்கிறது. நீர்ப்பகுதியின் பெரும்பங்கு கண்குழியின் மேல் வெளிமூலையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. ஒரு கண்ணில் எந்நேரமும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஊசிமுனையில் தொங்கும் ஒரு சிறு துளியைவிடவும் குறைவு. நிமிடத்துக்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பழையது மூக்கோரத்துத் துளைகள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. ஆகவே கண்ணிலுள்ள கண்ணீர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுதாக மாறிக்கொண்டே இருக்கிறது. அளவிடுவோருக்கு இது ஒரு வகையில் நல்ல செய்தி. தேங்கிய நீரைவிட ஓடும் நீர் உடலின் தற்போதைய நிலைக்கு நெருக்கமாக இருக்கும்.

ஆனால் கண்ணீர் ஒரே வகையானது அல்ல. யாரும் தூண்டாமல் எப்போதும் ஊறுவது அடிப்படைக் கண்ணீர். தூசி விழுந்தாலும், வெங்காயம் நறுக்கினாலும், கண்ணை எதுவும் உரசினாலும் பொங்குவது அனிச்சைக் கண்ணீர். அழுகையில் வருவது இன்னொன்று. சுரக்கும் வேகம் மாறும்போது கண்ணீரின் சேர்க்கையும் மாறுகிறது. இரத்தத்தின் நிலையைச் சொல்லக்கூடியது என்று எதிர்பார்க்கப்படுவது அடிப்படைக் கண்ணீர்; ஒரு கருவியை வைத்தவுடன் முதலில் வருவதோ அனிச்சைக் கண்ணீர்.

கண்ணீருக்குள் குளுக்கோஸ் வரும் வழியும் ஒன்றல்ல. சுரப்பியின் வழியே ஒரு பகுதி வருகிறது. வெள்ளை விழியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் இணைப்படலத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. அங்கிருந்து செல்களின் இடைவெளி வழியாகக் கசிவது இன்னொரு பகுதி. மேற்பரப்புச் செல்கள் சிதைந்தால் அவற்றுக்குள் இருந்த குளுக்கோஸும் சேர்ந்துகொள்கிறது. கருவிழியில் இரத்தக் குழாயே கிடையாது. ஆனாலும் அது தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் பெரும்பாலும் கண்ணீரிடம் கேட்பதில்லை. உட்புறத்திலுள்ள முன்கண் திரவத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கண்ணீரில் குளுக்கோஸ் குறைவாக இருந்தாலும் கண்ணுக்குக் குறை வராமல் இருப்பது இதனால்தான்.

குறைவு என்பது எவ்வளவு குறைவு? வெறும் வயிற்றில் ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். 90 மில்லிகிராம் என்று கொண்டால், அது லிட்டருக்கு 5 மில்லிமோல். கண்ணீரைப் பற்றிய பழைய ஆய்வுகள் பலவும் லிட்டருக்கு 0.1 முதல் 0.6 மில்லிமோல் வரை சொல்லின. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பாக்கா, ஃபைன்கோல்ட், ஆஷர் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவு இல்லாத 25 பேரின் வெறும் வயிற்றுக் கண்ணீரை நிறை நிறமாலைமானியில் பகுத்தது. சராசரி 28 மைக்ரோமோல்தான் வந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகப் பெரிதாக இருந்தது. 28 மைக்ரோமோல் என்பது இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ 180இல் ஒரு பங்கு. ஒரு மைக்ரோலிட்டர் கண்ணீரில் இருக்கும் குளுக்கோஸின் எடை சுமார் 5 நானோகிராம். அதே அளவு இரத்தத்தில் சுமார் 900 நானோகிராம்.

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோவது அவசியம். ஏனென்றால் பிந்தைய குழப்பங்களில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கண்ணீர் எடுக்கும்போது இணைப்படலம் லேசாக உரசப்பட்டு, நூறு பங்கு கண்ணீரில் ஒரு பங்கு இரத்த பிளாஸ்மா கலந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு பங்கு மட்டும் 50 மைக்ரோமோல் குளுக்கோஸைக் கொண்டுவந்து சேர்க்கும். 28 ஆக இருந்தது 78 ஆகிவிடும். கண் சிவக்கக்கூட இல்லை. நோயாளிக்கு எதுவும் தெரியவில்லை. அளவு மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பின் சுவடுகூட இந்த நுண்ணளவில் ஒரு மலைதான்.

கண்ணீரை எடுக்க நெடுங்காலமாக இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் விவரித்த தாள் பட்டை. 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிதாளின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. உலர்கண் நோயை அறிய இன்றும் கண் மருத்துவமனைகளில் இது வழக்கத்தில் இருக்கிறது. அந்த நனைந்த தாளிலிருந்து கண்ணீரைப் பிழிந்து பகுத்துப் பார்ப்பது எளிது என்பதால், சர்க்கரை ஆய்வாளர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். மற்றொன்று, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய். கீழிமை விளிம்பில் தேங்கி நிற்கும் நீர்வரியில் குழாயின் நுனியை மட்டும் தொடவைத்து, கண்ணைத் தொடாமல், தானாக ஏறவிட வேண்டும். ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் சேர்வதற்குப் பல நிமிடங்கள் ஆகும். எடுப்பவருக்கு நடுங்காத கையும் கொடுப்பவருக்கு நிறையப் பொறுமையும் வேண்டும்.

இங்கிலாந்தில் லூயிஸ், ஸ்டீஃபன்ஸ் இருவரும் 1958இலும், அமெரிக்காவில் காசெட்டும் உடனிருந்தோரும் 1968இலும், தில்லியில் சென், சரின் இருவரும் 1980இலும் நீரிழிவு உள்ளவர்களின் கண்ணீரை மற்றவர்களின் கண்ணீரோடு ஒப்பிட்டுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நீரிழிவு உள்ளவர்களைக் குழுவாகப் பார்த்தால் சராசரி கூடுதலாக இருந்தது. ஆனால் எந்த ஆய்வின் எண்ணை எந்த ஆய்வின் எண்ணோடு சேர்த்து வைப்பது என்பதுதான் புரியவில்லை. சாதாரண அளவு என்பதே ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொன்றாக இருந்தது.

காரணத்தைத் துலக்கிய ஆய்வு 1977இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. ஃபான் ஹேரிங்கன், கிளாசியஸ் என்ற இருவர் ஒரே பொருளை இரண்டு முறையாலும் எடுத்து ஒப்பிட்டார்கள். தாள் பட்டையில் வந்த கண்ணீரில் குளுக்கோஸ் அதிகமாகவும், கண்ணாடிக் குழாயில் வந்ததில் குறைவாகவும் இருந்தது. தாள் கண்ணின் மேல் செல்களை உரசுகிறது. சிதைந்த செல்களின் உள்ளிருந்தும் திசுவின் இடைநீரிலிருந்தும் குளுக்கோஸ் கண்ணீரில் கலந்துவிடுகிறது. அதாவது தாள் பட்டை அளந்ததில் ஒரு பங்கு கண்ணீர், ஒரு பங்கு காயம். 1982இல் அமெரிக்காவின் டாம், ஹில் இருவரும் இணைப்படலத்தை மெதுவாகத் தொட்டாலே கண்ணீரின் குளுக்கோஸ் ஏறுவதைக் காட்டி இதற்கு வலுச் சேர்த்தார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளும் இத்துறையின் மிக மதிப்புள்ள ஆய்வுகள் என்று சொல்லலாம். அவற்றில் புதுக் கருவி ஒன்றும் இல்லை. பெரிய பணமும் இல்லை. எடுக்கும் முறையைச் சந்தேகிக்கும் நேர்மை மட்டும் இருந்தது. பின்னாளில் கோடிக்கணக்கான பணத்தோடு இறங்கியவர்கள் இதே பாடத்தை மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ள ஐம்பது பேரின் சராசரி, இல்லாத ஐம்பது பேரின் சராசரியைவிடக் கூடுதல் என்பது ஒரு செய்தி. இந்த ஒருவருக்கு, இந்த நொடியில், இரத்தச் சர்க்கரை 60ஆ 160ஆ என்பது முற்றிலும் வேறு செய்தி. முன்னது தெரிந்தால் போதும் என்றால் அது நோயைக் கண்டறியும் வேலைக்கு உதவலாம். இன்சுலின் எவ்வளவு போடுவது என்று முடிவெடுப்பவருக்குப் பின்னதுதான் தேவை. பத்திரிகைச் செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கண்ணீரும் இரத்தமும் ‘தொடர்புடையவை’ என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே விரல் ஊசிக்கு விடைகொடுத்துவிடுகிறார்கள்.

அளக்கும் வேதியியலுக்கு வந்தால், அடிப்படை முறை 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி குளுக்கோஸை மட்டும் தேர்ந்து பிடித்து, ஆக்சிஜனின் துணையோடு அதை மாற்றுகிறது. உடன்விளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது மின்முனையில் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும்போது ஒரு மிகச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டம் கூடும். இன்று வீடுகளில் இருக்கும் குளுக்கோமீட்டர்களில் பலவும் இந்தக் கொள்கையின் வழிவந்தவையே.

இதைக் கண்ணீருக்குக் கொண்டுவரும்போது மூன்று தடைகள் எழுகின்றன. மின்னோட்டம் மிகச் சிறிதாகிறது. எனவே இரைச்சலிலிருந்து அதைப் பிரிப்பது கடினம். கண்ணீரில் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் இருக்கின்றன. அவையும் மின்முனையில் எலெக்ட்ரான்களை விட்டு, குளுக்கோஸ் போல வேடம் போடுகின்றன. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏராளமாக இருப்பதால் இவற்றின் பிழை சிறிதாகத் தோன்றும். கண்ணீரில் அப்படி இல்லை. இவற்றைத் தடுக்க நாஃபியான் போன்ற எதிர்மின்னேற்றம் கொண்ட படலங்களை மின்முனையின் மேல் பூசுகிறார்கள். கடைசியாக, கண்ணீரில் லைசோசைம், லாக்டோஃபெரின் முதலிய புரதங்கள் நிறைய உண்டு. கிருமிகளிடமிருந்து கண்ணைக் காப்பவை அவை. அவை மின்முனையில் படிந்து, காலையில் சரியாகக் காட்டிய உணரியை மாலையில் மந்தமாக்கிவிடுகின்றன. எண்ணெய்ப் பொருள்களும் அப்படியே.

மின்சாரத்தைத் தவிர்த்து ஒளியால் அளக்கும் வழியையும் சிலர் தேடினார்கள். பிட்ஸ்பர்கில் சான்ஃபோர்ட் ஆஷரின் குழு 2004இல் விவரித்த ஒளிப்படிகப் பொருள் அழகான எண்ணம். நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகளை ஒரு கூழ்மத்துக்குள் ஒழுங்காக அடுக்கினால், அவற்றின் இடைவெளிக்கேற்ப ஒரு குறிப்பிட்ட நிறம் தெறிக்கும். அந்தக் கூழ்மத்தோடு போரானிக் அமிலத்தைப் பிணைத்தால், அது குளுக்கோஸைப் பற்றும்போது கூழ்மம் சுருங்கவோ விரியவோ செய்கிறது, இடைவெளி மாறுகிறது, நிறமும் மாறுகிறது. லென்ஸின் ஓரத்தில் இதன் ஒரு துண்டைப் பதித்துவிட்டால், நோயாளி கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுச் சர்க்கரையைத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர்களின் நோக்கம். பாட்டரி வேண்டாம், சில்லு வேண்டாம். ராமச்சந்திரம் பதுகு, லக்கோவிச், கெட்டஸ் ஆகியோர் மேரிலாந்தில் போரானிக் அமிலம் கொண்ட ஒளிர்பொருள்களை வழக்கமான லென்ஸ்களிலேயே ஊறவைத்துச் சோதித்தார்கள். எனினும் போரானிக் அமிலம் குளுக்கோஸை மட்டும் பற்றுவதில்லை; வேறு சர்க்கரைகளையும், லாக்டேட்டையும் பற்றும். கண்ணீரில் லாக்டேட் குளுக்கோஸைவிட மிக அதிகம். நிறத்தைக் கண்ணால் மட்டிட்டு இன்சுலின் அளவை முடிவுசெய்ய முடியாது என்பதும் வெளிப்படை.

உணரியைக் கண்ணிலேயே நிலையாக வைத்துவிட்டால், கண்ணீரை எடுக்கும் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையே காண்டாக்ட் லென்ஸுக்கு இட்டுச்சென்றது. டோக்கியோவில் மிட்சுபயாஷியின் குழு மென் லென்ஸில் நொதி உணரியைப் பதித்து முயல்களில் சோதித்தது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாபக் பர்விஸ் தலைமையிலான குழு 2011இல் லென்ஸுக்குள் குளுக்கோஸ் உணரியைப் பதித்த ஆய்வை வெளியிட்டது. கூகுள் நிறுவனத்துக்கு மாறிய பர்விஸும் பிரையன் ஓட்டிஸும் 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பு உலகச் செய்தியானது. மென் லென்ஸின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சிறு சில்லும், தலைமுடியைவிட மெல்லிய அலைவாங்கியும், குளுக்கோஸ் உணரியும். நொடிக்கு ஒரு முறை அளக்கும் மாதிரிகளைச் சோதித்துவருவதாக அவர்கள் சொன்னார்கள். சில மாதங்களிலேயே நோவார்ட்டிஸ் நிறுவனம், தன் கண் மருத்துவப் பிரிவான ஆல்கான் வழியாக, இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்றது.

கூகுளின் உயிர் அறிவியல் பிரிவு வெரிலி என்ற தனி நிறுவனமானது. 2018 நவம்பரில் வெரிலி இந்தத் திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கண்ணீரின் குளுக்கோஸுக்கும் இரத்தத்தின் குளுக்கோஸுக்கும் உள்ள தொடர்பு மருத்துவக் கருவி ஒன்றுக்கு வேண்டிய அளவு நிலையாகக் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கண்ணீரிலுள்ள மற்ற உயிர்மூலக்கூறுகள் தடையாக இருப்பதும், மிகச் சிறிய அளவுகளைத் துல்லியமாக அளப்பதன் கடினமும், நிலையான கண்ணீர்ப் படலத்தைப் பெற முடியாததும் அதில் சொல்லப்பட்டன. சில்லு செயலிழந்ததாகவோ அலைவாங்கி சரியில்லை என்றோ சொல்லப்படவில்லை. 1977இல் தாள் பட்டையை வைத்துக் கண்டறியப்பட்ட அதே தடைதான் இங்கேயும் குறுக்கே நின்றது. தோல்வியின் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னது பாராட்டத்தக்கது. வணிக நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களைச் சத்தமில்லாமல் புதைத்துவிடுவதே வழக்கம். அதே காலத்தில், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தோடு தொடர்புடைய மாற்றங்களைப் பதிவுசெய்யும் டிரிகர்ஃபிஷ் என்ற லென்ஸுக்கு 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. லென்ஸுக்குள் மின்னணுவியல் வைப்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சான்று. அது கருவிழியின் வளைவைப் பார்க்கிறது. கண்ணீரின் சேர்க்கையை நம்பவில்லை.

லென்ஸை விட்டு வேறு இடம் தேடியவர்களும் உண்டு. நெதர்லாந்தின் நோவியோசென்ஸ் நிறுவனம் வளையக்கூடிய சிறு சுருள்கம்பி ஒன்றைக் கூழ்மத்தால் பூசி, கீழிமையின் உட்குழிவில் வைத்தது. அங்கே அடிப்படைக் கண்ணீர் தேங்கியிருக்கும். சுருள் அசையாமல் நிற்பதால் உரசலும் குறையும் என்பது அவர்களின் வாதம். முதல் வகை நீரிழிவு உள்ள 6 பேரிடம் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அளவீடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு பிழைக் கட்டத்தின் முதல் இரண்டு வட்டாரங்களுக்குள் விழுந்தன. கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பிழைக் கட்டம் என்பது 1987இல் கிளார்க் (முன்சொன்ன லேலண்ட் கிளார்க் அல்ல) முதலியோர் வகுத்த வரைபடம். உண்மை அளவை ஒரு அச்சிலும் கருவி காட்டிய அளவை மறு அச்சிலும் குறித்து, பிழையால் நோயாளிக்கு நேரும் தீங்கின்படி ஐந்து வட்டாரங்களாகப் பிரிப்பது. முதல் வட்டாரம் துல்லியம். இரண்டாவதில் 20 விழுக்காட்டுக்கு மேல் பிழை இருக்கலாம். ஆனால் தவறான சிகிச்சைக்கு இட்டுச்செல்லாது. இரண்டையும் கூட்டிச் சொல்வது கருவிக்குச் சாதகமான கணக்கு. ஆறு பேர் என்பதும் மிகச் சிறிய எண்ணிக்கை. இருந்தாலும், மனிதக் கண்ணில் வைத்து, ஏறி இறங்கும் சர்க்கரையோடு ஒப்பிட்டுப் பார்த்த அரிய ஆய்வுகளில் அது ஒன்று.

இப்போது இத்துறையில் அதிக ஊக்கத்தோடு இருப்பது தென்கொரியா. ஜாங் உங் பார்க்கின் குழு 2018இல் ஒரு மென் லென்ஸை முயலின் கண்ணில் காட்டியது. சர்க்கரை ஒரு வரம்பைத் தாண்டினால் லென்ஸிலிருக்கும் சிறு விளக்கு அணைந்துவிடும். பார்வையை மறைக்காத நெளியும் மின்சுற்று. போஹாங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய் குவாங் ஹானின் குழு 2020இல் குளுக்கோஸை அளப்பதோடு, விழித்திரைப் பாதிப்புக்கான மருந்தையும் தேவைக்கேற்ப விடுவிக்கும் லென்ஸை விலங்குகளில் சோதித்தது. இவற்றைவிட ஆழமான கேள்வியை எடுத்துக்கொண்டது பார்க்கின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு. தூண்டப்படாத அடிப்படைக் கண்ணீரை லென்ஸ் வழியாகத் தொடர்ந்து அளந்தால், இரத்தச் சர்க்கரையின் ஏற்றமும் இறக்கமும் கண்ணீரில் ஒரு தாமதத்தோடு தெரிகின்றன. அந்தத் தாமதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒவ்வொருவருக்கும் உரிய தாமதத்தைக் கண்டறிந்து திருத்தினால் பொருத்தம் நன்கு கூடுகிறது என்பது அதன் சாரம். பழைய ஆய்வுகளில் பல, ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தையும் கண்ணீரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, தொடர்பு இல்லை என்று முடிவுகட்டின. பத்து நிமிடம் முன்பிருந்த இரத்தத்தோடு அந்தக் கண்ணீரை ஒப்பிட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கலாம்.

தாமதத்தைத் திருத்திவிட்டாலும் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு உலர்கண் நோய் மற்றவர்களைவிட அதிகம். நரம்புகள் மங்குவதால் கருவிழியின் உணர்வு குறைகிறது. கண்ணீர் சுரப்பதும் குறைகிறது. கருவி யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர்களுடைய கண்ணில்தான் அளப்பதற்கான நீர் போதாமல் இருக்கும். உணர்வு குறைந்த கருவிழியில் சிறு கீறல் விழுந்தாலும் தெரியாது, ஆறவும் நாளாகும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் காண்டாக்ட் லென்ஸ் பரிந்துரைக்கக் கண் மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான்.

இரவு இன்னும் கடினமான நேரம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மிகவும் அஞ்சுவது தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுவதை. எச்சரிக்கை மணி அதிகம் தேவைப்படும் நேரம் அதுவே. ஆனால் தூங்கும்போது கண்ணீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மூடிய இமைக்குள் ஆக்சிஜனும் குறைகிறது. ஆக்சிஜனை நம்பியிருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதிக்கு அது பாதகம். லென்ஸோடு தூங்குவது கருவிழியில் கிருமித்தொற்று வரும் அபாயத்தைப் பல மடங்கு கூட்டும் என்பது கண் மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே கண்ணீர் உணரி பகலுக்கு மட்டும் உதவுவதாக அமைந்தால், மிக அபாயமான பொழுதுக்கு வேறு துணை வேண்டியிருக்கும்.

அந்தத் துணை ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. கண்ணீர் உணரியின் உண்மையான போட்டியாளரும் அதுவே. மேற்கையின் தோலில் ஒட்டிக்கொண்டு, மெல்லிய இழையைத் தோலடியில் செருகி, திசு இடைநீரின் குளுக்கோஸைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும் தொடர் உணரிகள். அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2014இல் ஐரோப்பாவில் வந்தபோது, 14 நாள் தோலில் இருக்கும் உணரி, பயனர் விரலைக் குத்தித் திருத்த வேண்டிய அவசியம் இல்லை என்ற இரண்டும் பெரிய மாற்றமாக இருந்தன. இடைநீரின் குளுக்கோஸ் இரத்தத்தின் அளவுக்கு மிக நெருக்கமானது. தாமதமும் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களுக்குள். 180இல் ஒரு பங்கைத் தேடும் தொல்லை அங்கே இல்லை. தோலைத் துளைக்காமல் அளப்பதாக 2001இல் அமெரிக்க அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரம், தோலெரிச்சலாலும் நம்பகக் குறைவாலும் சில ஆண்டுகளில் மறைந்துபோனது. துளையின்மை ஒன்றே ஒரு கருவியை நிலைக்கவைக்காது என்பதற்கு அது பொருத்தமான முன்னுதாரணம்.

விரல் இரத்தத்தில் அளக்கும் கருவிகளுக்கு 2013இல் திருத்தப்பட்ட பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 15197 ஒரு வரையறை வைத்திருக்கிறது. சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் பிழை 15 மில்லிகிராமுக்குள்ளும், அதற்கு மேல் இருந்தால் 15 விழுக்காட்டுக்குள்ளும், நூற்றில் 95 அளவீடுகளிலாவது அமைய வேண்டும். கண்ணீர் உணரி எதுவும் விரல் ஊசிக்கு மாற்றாகக் கருதப்பட வேண்டுமானால், இதற்கு இணையான துல்லியத்தைப் பலநூறு நோயாளிகளிடம், குறைந்த சர்க்கரை முதல் மிகுந்த சர்க்கரை வரை, உலர்கண் உள்ளவர்களிடமும் காட்ட வேண்டியிருக்கும். வலது கண்ணும் இடது கண்ணும் ஒரே அளவைச் சொல்கின்றனவா, ஒருவருக்குக் கண்டறிந்த தாமதம் மாதங்கள் கழிந்தும் மாறாமல் இருக்கிறதா, லென்ஸ் அணிவதே கண்ணீரின் குளுக்கோஸை ஏற்றிவிடுகிறதா என்பவை அந்தச் சோதனைகளில் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இவற்றுள் கடைசிக் கேள்வி முதலில் தீர்க்கப்பட வேண்டும். பிட்ஸ்பர்க் ஆய்விலேயே லென்ஸ் அணிபவர்களின் கண்ணீரில் குளுக்கோஸ் கூடுதலாகக் காணப்பட்டது. அளக்க வைக்கும் பொருளே அளவைக் கூட்டுமானால், அந்தக் கூடுதலைத் தனியே அளந்து கழிக்கும் முறை ஒவ்வொரு லென்ஸுக்கும் வகுக்கப்பட்டாக வேண்டும்.